வண்டியோடு கிளம்பிய நிலம்

இடிக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியவர்கள் இயந்திரத்தோடு வருவதற்குள், பாவாயி தன் வீட்டைத் தானே இடித்துவிட்டாள். ஓடுகளை இறக்கி அக்கம்பக்கத்தில் ஒழுகுகிற கூரைகளுக்குக் கொடுத்தாள், கதவையும் நிலையையும் பெயர்த்துத் தேவைப்பட்டவன் தலையில் தூக்கிவிட்டாள், பிறகு புருஷன் சடையப்பன் கடப்பாரையால் நெம்ப, இவள் தோளைக் கொடுத்துத் தள்ள, செங்காட்டூர் வாய்க்கால்மேட்டுத் தெருவில் அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய அந்த வீடு ஒரு மத்தியானத்துக்குள் மண்ணாகக் கிடந்தது. எவனோ வந்து இடிக்க, நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, அதை இன்னொருவன் படம் பிடித்துக்கொண்டு போக, அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம், கட்டியவள் கையாலேயே போகட்டும் என்று அவள் தெருவுக்குச் சொன்னாள். அதோடு, வண்டியை நிறுத்த இடமும் வேண்டியிருந்தது.

வண்டி என்றால் மாட்டு வண்டியும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை. அது ஒரு வீடு. இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, முன்னால் ஒரு கொக்கியை நீட்டிக்கொண்டு, ஜீப்பின் பின்னால் மாட்டினால் போகிற இடத்துக்கெல்லாம் வருகிற வீடு. செங்காட்டூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் தெருத்தெருவாக இருந்தன. சுத்தியல் சத்தம் கேட்காவிட்டால் அந்த ஊர்க் குழந்தைகள் தூங்காது. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில், மலைக்குப் போய்க் குளிரில் படுத்துக் கிடப்பதற்கென்று ஒரு எஸ்டேட்காரர் ஆசை ஆசையாகச் செய்யச் சொல்லி, செய்து முடித்த அன்றே ஆசை தீர்ந்துபோய் வேண்டாமென்று விட்டுவிட்ட அந்த வண்டி, ரோட்டையே பார்க்காமல் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. பாவாயி அங்கே போனது வாய்க்கால்மேட்டை இடிக்காதே என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்க நன்கொடை கேட்டு. மேஸ்திரி குழந்தைவேல், நன்கொடை கொடுக்க மனமில்லாதவர்கள் எல்லாம் செய்வதைப் போல, பேச்சை மாற்றுவதற்காகத் தார்ப்பாயை விலக்கிக் காட்டினான்.

வானத்தின் நீலத்தில் பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே போனால் மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில்; கட்டிலுக்கு அடியில் துணிக்குப் பெட்டி; ஒரு மூலையில் இரண்டு அடுப்பு, பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, அதற்கொரு குழாய், குழாய்க்குத் தண்ணீர் தர அடியில் ஒரு டாங்கி; ஒரு ஆள் திரும்ப முடியாத அளவுக்கு ஒரு குளியலறை, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம்; மூன்று பக்கமும் ஜன்னல், எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற இடம் வாய்க்கால்மேட்டில் யாருக்கும் இருந்ததில்லை. பாவாயி அந்தக் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தாள். மறுபடியும் திறந்து சாத்திப் பார்த்தாள்.

"இதை இடிக்க முடியுமா மேஸ்திரி?"

"இதை எதுக்குங்க இடிக்கிறாங்க? கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போயிருவாங்க."

"இழுக்கிறது நானா இருந்தா?"

மூடிப்போன நூல் மில்லின் வழக்கு அப்போதுதான் ஜெயித்து, அவளுக்கு வரவேண்டியது வந்து சேர்ந்திருந்தது. அது ஒரு சென்ட் நிலம் வாங்கக்கூடக் காணாது, ஆனால் யாரும் வாங்காத ஒரு வண்டியையும் அதை இழுக்க ஒரு பழைய ஜீப்பையும் வாங்கக் கண்டது. மில் வாசலில் கையில் திணிக்கப்பட்ட துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் அவள். மேடையில் ஏறியவர்கள் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள், மேடை போட்டவள் தடியடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், தெருவுக்குப் பட்டா கேட்டு அவள் எழுதிய மனுக்களைக் குவித்தால் வாய்க்காலையே தூர்த்துவிடலாம். போராடிப் போராடி, கடைசியில் காலையில் நடக்கப் போகிறவர்கள் தொப்பையைக் கரைப்பதற்கு நடைபாதையும் புல்தரையும் போட வாய்க்கால்மேடு வேண்டும் என்று நோட்டீஸ் வந்ததுதான் மிச்சம். ஊருக்கு வெளியே, பஸ் போகாத காட்டில் அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள், எல்லோரும் அங்கே போங்கள் என்றார்கள். பாவாயி அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். இனி என்னை ஒருவன் வெளியேற்றக் கூடாது, வெளியேறுவதானால் நானே வெளியேறுகிறேன்.

வண்டி தெருவுக்கு வந்த நாள் திருவிழா மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று குழந்தைவேல் கையோடு கொண்டு வந்திருந்தான். பூசணிக்காயைக் கூட்டு வைக்கலாம், எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடலாம், இங்கே கொடி ஏற்றுவதுதான் வழக்கம் என்று பாவாயி இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். கொடிக்கென்று வண்டியின் பின்மூலையில் இரும்பு வளையம் ஒன்றை முன்கூட்டியே வெல்டிங் வைக்கச் சொல்லியிருந்தாள். சடையப்பன் வளையத்துக்குள் கம்பத்தைச் செருகினான்; கொடிக்கம்பம் என்றால் மண்ணில் நிற்க வேண்டும் என்பது முப்பது வருஷப் பழக்கம், கை தன்னால் குழி தோண்டி, ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு இறுக்கிவிட்டது. சங்கக் கொடி பறந்தது. முருங்கை மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் தெருவே நின்று பாயசம் குடித்தது.

எல்லோரும் குடித்தார்கள், பக்கத்து வீட்டு ராசாமணி குடிக்கவில்லை. இட்லி சுட்டு விற்கிறவள், தெருவில் பாவாயிக்கு அடுத்தபடியாகக் குரல் உயர்ந்தவள், மறியலென்றால் இடுப்பில் குழந்தையோடு முன்வரிசையில் உட்காருகிறவள். லீடரம்மாவுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது, இனி நமக்கு யார் என்று அவள் பாயசம் குடிக்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி இட்லித் துணியோடு பேசிக்கொண்டிருந்தாள். பாவாயிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புது வண்டி என்றால் நாலு தொந்தரவு இருக்கத்தான் செய்யும். முதல் மழையில் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. கூரைத் தகட்டில் ஸ்குரூ ஏறிய ஓட்டைகளுக்குப் பசை வைக்க மறந்திருந்தார்கள். கதவுக் கொண்டி பிடிக்காமல், பக்கத்தில் யாராவது தும்மினாலும் கதவு திறந்துகொண்டது. இடது பக்கம் சிக்னல் போட்டால் வலது பக்கம் மினுக்கியது. அரசாங்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சடையப்பனுக்கு அது மானப் பிரச்சினையாகி, அவன் சோறு தின்னவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, மோட்டார் மட்டும் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி உறுமியது. எல்லாவற்றையும்விட, தோசை வட்டமாக வரவில்லை. மாவை ஊற்றினால் அது கல்லில் கிழக்கே ஓடி ஓரத்தில் தடித்து நின்றது, வண்டி மட்டத்தில் இல்லை என்று அடுப்புக்குத்தான் முதலில் தெரிந்தது.

குழந்தைவேல் ஒவ்வொன்றுக்கும் வந்தான், ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடி செட் ஆயிடுமுங்க என்றான், ஓடாமலே பாவாயி செட் ஆக்க வைத்தாள். சடையப்பன் கூரையேறி ஓட்டைக்கு ஓட்டை பசை வைத்தான். கொண்டியைக் கழற்றி அரத்தால் கொஞ்சம் ராவி மாட்டினான். வயர்களைப் பிரித்துப் பார்த்து, சிவப்பும் பச்சையும் மாறிக் கோத்திருப்பதைக் கண்டுபிடித்து, இடதுக்கு இடது மினுக்கியதும் இரண்டு தட்டுச் சோறு தின்றான். குழாயில் காற்றடைத்திருந்ததை வாயால் உறிஞ்சித் தண்ணீரை வரவழைத்தான். நாலு மூலைக்கும் முட்டு வைத்துத் திருகி ஏற்றி, நடுவில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, பாவாயி ஒரு தோசை ஊற்றினாள். அது பௌர்ணமி மாதிரி வட்டமாக வந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜெயித்த வழக்குக்குக்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஒரு பிரச்சினை, அதற்கொரு தீர்வு, தீர்வை இவர்கள் கையே செய்தது, யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை.

கிளம்புகிற காலையில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. கம்பம்.

"தோழர், பிடுங்கிட்டுப் போலாமுங்களா?" என்று சடையப்பன் மெதுவாகக் கேட்டான். வீட்டில் அவர்கள் ஒருவரையொருவர் தோழர் என்று அழைத்தால், ஒன்று ரொம்பப் பிரியம், இல்லை ரொம்பப் பயம்.

பாவாயி பார்த்த பார்வையில் அவன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நட்ட கொடியை நட்டவர்கள் பிடுங்குவதில்லை. போலீஸ் பிடுங்கலாம், நகராட்சி பிடுங்கலாம், எதிர்க்கட்சி பிடுங்கலாம், காற்று பிடுங்கலாம், அது அவர்கள் தொழில். சங்கத்துக்காரன் கை கொடியை மேலே ஏற்றும், இறக்காது. வளையம் பிய்யட்டும், கம்பம் வளையட்டும், நீங்கள் வண்டியை எடுங்கள் என்றாள்.

வளையம் பிய்யவில்லை, கம்பம் வளையவில்லை. ஜீப் முனகியது, வண்டி அசைந்தது, பின்னால் கம்பம் அசைந்தது, கம்பத்தோடு அது ஊன்றியிருந்த நிலமும் கிளம்பியது. ஒரு வீட்டின் அகல நீளத்துக்கு, முழங்கால் கனத்துக்கு, முருங்கை மரமும் அடுப்பு மேடும் எறும்புப் புற்றும் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியும் சேர்ந்து, சடையப்பன் முதல் கியரில் போகிற வேகத்தில், வண்டிக்குக் கீழேயும் பின்னேயுமாகத் தெருவை விட்டு இறங்கி, நால்ரோட்டில் திரும்பி, மார்க்கெட்டைக் கடந்து போயிற்று. கோழி எழுந்திருக்கவில்லை. அடையில் உட்கார்ந்த கோழி எதற்கும் எழுந்திருக்காது.

வண்டி பாரமாக இழுக்கிறது என்றுதான் சடையப்பன் நினைத்தான். பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நிறுத்தி, குழந்தைவேலுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் பிரேக் பிடித்திருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றினான், பேரிங் போய்விட்டது என்று கிரீஸ் வைத்தான், காற்று பத்தவில்லை என்று காற்றடித்தான், பிறகு நிமிர்ந்து சோம்பல் முறிக்கும்போது முருங்கை மரத்தைப் பார்த்தான்.

"நிலமும் கூட வருதுங்களே."

"அதனாலதான் பாரமா?"

"அதனாலதானுங்க. ஓடுனா செட் ஆயிடும். இல்லாட்டி கேஸ் கட்டர்ல கம்பத்தை அறுத்து விட்டுடறேன், நிலம் இங்கயே நின்னுக்கும்."

யாரும் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் தன் பெஞ்சுகளில் இரண்டைத் தூக்கி முருங்கை நிழலில் போட்டார், ஏனென்றால் அவர் கடைக்கு முன்னால் நிழலே இருந்ததில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் இந்த நிலத்துப் புல் வாய்க்கால் புல், பைபாஸ் புல்லைவிட ருசி என்று சொல்லி, பாவாயியிடம் கேட்டுவிட்டு ஆடுகளை விட்டார்கள். டவுன் பஸ்காரர்கள் அங்கே ஒரு நிறுத்தம் வைத்து, நடத்துநர்கள் பாவாயி நிலம், பாவாயி நிலம் என்று கூவினார்கள். பட்டா ஆபீஸில் ஒருவன்கூட அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னதில்லை. வாய்க்கால்மேட்டில் அவள் வீடிருந்த இடத்தில் ஒரு நீள்சதுரப் பள்ளம் விழுந்து அதில் வாய்க்கால் தண்ணீர் நிறைந்து நின்றது. பெண்கள் அதில் துணி அலசினார்கள், பிள்ளைகள் அதில் நீச்சல் பழகினார்கள்.

மூன்றாம் நாள் வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஆக்கிரமிப்பைத் தாமாகவே அகற்றியதற்கு அரசு நன்றி தெரிவிக்கிறது, ஆனால் அரசாங்கத்தின் மண்ணை அனுமதியில்லாமல் எடுத்துச் செல்வது கனிமத் திருட்டு என்று அவர் படித்துக் காட்டினார். அப்போது பைபாஸில் ஆற்று மணல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தன, பாவாயி அவற்றைப் பார்த்தாள், அவரும் பார்த்தார். மண்ணை நான் எடுக்கவில்லை, அதுதான் என்னோடு வருகிறது, வேண்டுமானால் நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள், வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் அவள். அதிகாரி கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அவமானமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் அவர் வேறு குரலில் வந்தார். மேலிடத்தில் பேசியாகிவிட்டதாம். டவுனுக்குள் நல்ல இடத்தில் ஒரு மனை, பாவாயி பேரில் பட்டா; இந்த நிலத்தைக் கொண்டுபோய் அந்த மனையின் மேல் இறக்கிக்கொள்ளலாம், கம்பத்தை மேஸ்திரி அறுத்துவிடட்டும், வண்டி ஊர் சுற்றப் போகட்டும். பதிலுக்கு வாய்க்கால்மேட்டு ஜனம் தகராறில்லாமல் அடுக்குமாடிக்குப் போக அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாவாயி உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாழ்நாள் முழுதும் கேட்ட காகிதம், அவள் பேர் போட்டு, முத்திரை குத்தி, எட்டிய தூரத்தில் இருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். குழந்தைவேல் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கம்பத்தின் பக்கத்தில் நிறுத்தினான், நிறுத்தியதை அவள் தடுக்கவும் இல்லை.

அந்தச் சாயங்காலம் தெருவே நடந்து வந்தது, எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், கோழியைப் பார்த்தார்கள், வண்டிக்குள் ஏறிக் குளியலறைக் கதவைத் திறந்து சாத்தினார்கள். ராசாமணி மட்டும் நிலத்தின் ஓரத்திலேயே குனிந்து நடந்துகொண்டிருந்தாள். வடக்கு ஓரத்துக்கு வந்ததும் நின்று, காலால் தட்டினாள்.

"லீடரம்மா, இங்க வாங்க. இந்த ஒரு சாண் என்னுது."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடத்துக்காக அவர்கள் சண்டை போடாத மாதமில்லை. மறியலுக்குக் கைகோத்துப் போவார்கள், திரும்பி வந்ததும் வேலியில் நின்று கத்துவார்கள். பாவாயி குனிந்து பார்த்தாள். நிலத்தின் விளிம்பில் வண்டி கிளம்பிய காலையில் ராசாமணி போட்ட கோலம் பாதியாக இருந்தது. மீதிப் பாதி வாய்க்கால்மேட்டில், பள்ளத்தின் அந்தக் கரையில் கிடந்தது.

"சரி, உன்னுதுதான்," என்றாள் பாவாயி.

"இத்தனை வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டதுக்கு சந்தோசம். ஆனா பாதிக் கோலத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒண்ணு, அதைத் திருப்பிக் குடுங்க. இல்லைன்னா, மிச்சத்தையும் கூட்டிட்டுப் போங்க."

பாவாயி பாதிக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மண் தன்னோடு வந்ததென்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டிருந்தாள். தன் போராட்டத்துக்குக் கிடைத்த தனிப் பரிசென்று நினைத்திருந்தாள். அவள் மண்ணென்று தனியாக ஒன்றும் இல்லை. அது அடுத்த வீட்டின் மண்ணையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தது, அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்தபிடியாகத் தெருவின் கடைசி வரை.

"மேஸ்திரி, உங்க பட்டறையில எத்தனை கொக்கி இருக்குது?"

"எவ்வளவு வேணுமுங்க?" என்றான் குழந்தைவேல், கேஸ் சிலிண்டரைத் தன் பாட்டுக்கு மறுபடியும் பட்டறைப் பக்கம் உருட்டிக்கொண்டே.

செங்காட்டூர்ப் பட்டறைகள் அப்படி வேலை செய்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பஸ்களுக்கு வைத்திருந்த இரும்பையெல்லாம் முதலாளிகளுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எடுத்து, சங்கிலி செய்தார்கள், கொக்கி செய்தார்கள், கம்பம் செய்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கம்பம் நட்டு ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு இறுக்கினார்கள். பைபாஸிலிருந்து திருப்பி ஓட்டிவந்து தெருமுனையில் நிறுத்திய நீல வண்டிக்கும் நிலத்துக்கும் பின்னால் முதலில் ராசாமணியின் வீடு, அதற்குப் பின்னால் அவள் கொழுந்தன் வீடு, அதற்குப் பின்னால் இஸ்திரிக்காரர் வீடு, ரேஷன் கடைத் திண்டு, குழாயடி, அடிபம்பு, அத்தனையும் கம்பத்துக்குக் கம்பம் சங்கிலி போட்டு, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். சடையப்பன் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்து, எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு வைத்து, இடது இடதாகவும் வலது வலதாகவும் மினுக்குகிறதா என்று தெருவின் கடைசி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தான். அவ்வளவு பெரிய வண்டியை அரசாங்கம் அவனுக்குக் கொடுத்ததே இல்லை. அவன் முகத்தில் இருபது வயசு குறைந்திருந்தது.

இயந்திரங்கள் வந்த காலையில் தெரு புறப்பட்டது. ஊருக்குள் வந்த இயந்திரங்களும் ஊரை விட்டுப் போன தெருவும் பாலத்தில் எதிரெதிரே சந்தித்தன, இயந்திரக்காரர்கள் பின்னால் போய் ஒதுங்கி வழி விட்டார்கள், ஏனென்றால் ஒரு தெரு வரும்போது யாரானாலும் ஒதுங்கத்தான் வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால்மேடு இல்லை. வாய்க்கால் அகலமாகப் படுத்துக் கிடந்தது. நடைபாதை போட வந்த கான்ட்ராக்டர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உற்சாகம்தான். ராசாமணி ஓடுகிற வாசலில் இட்லி ஊற்றினாள், ரோட்டோரத்து ஜனம் கூடவே நடந்து தின்று, தட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்கள். ஊர்ப் பெயர் தெரியாத பெண்கள் ஓடி வந்து அடிபம்பில் ஒரு குடம் பிடித்துக்கொண்டார்கள், அதில் வாய்க்கால்மேட்டுத் தண்ணீரேதான் வந்தது. கட்டிக்கொடுத்த ஊரில் நின்றிருந்த ஒரு மகள், தன் அம்மா வீடு தன்னைத் தேடி வருவதைப் பார்த்து, ஏறி உட்கார்ந்து, அடுத்த ஊர் வரை பேசிவிட்டு இறங்கிக்கொண்டாள். சுங்கச் சாவடியில், இது எத்தனை சக்கர வண்டி என்று கேட்டார்கள். இரண்டு சக்கரம், ஒரு தெரு என்றான் சடையப்பன். தெருவுக்குக் கட்டணம் போர்டில் இல்லாததால் கட்டையைத் தூக்கினார்கள். பாவாயி வண்டியின் ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள், கூரை ஒழுகவில்லை, கதவு தானாகத் திறக்கவில்லை, பல வருஷத்துக்குப் பிறகு அவள் உரக்கப் பாடினாள்.

ஆனால் தெருவை எங்கேயும் இறக்க முடியவில்லை. ஒரு தரிசில் இறக்கினால் அது கோயில் நிலம் என்று வந்தார்கள். ஒரு பொட்டலில் இறக்கினால் அது மேய்ச்சல் புறம்போக்கு. இன்னொன்று ராணுவத்துக்கு ஒதுக்கியது, இன்னொன்று காடு, மரமே இல்லாத காடு, இன்னொன்று ஒரு கம்பெனி வரப்போகிற இடம், பல காலமாக வரப்போகிற இடம். ஒவ்வொரு தாலுகாவின் அதிகாரியும் அடுத்த தாலுகா எல்லை வரை மரியாதையாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினார். இவர்களை ஒரு இடத்தில் இருக்கச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை, போகச் சொல்ல எல்லோருக்கும் இருந்தது. நம் மண்ணின் மேல்தானே நிற்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். உங்கள் மண் எங்கள் மண்ணின் மேல் நிற்கிறது என்றார்கள்.

பயணம் நீள நீள, கிழவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அடுக்குமாடியே பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். அன்று பாவாயி குழாயடியில் கூட்டம் போட்டாள். மண் இருக்கிற வரைக்கும் எவனாவது அது தன்னுடையதென்று சொல்லிக்கொண்டு வருவான், ஆகவே மண் முடிகிற இடம் வரைக்கும் போவோம் என்றாள். அது எங்கே முடியும் என்று கிழவர் கேட்டார். நேராகக் கிழக்கே போனால் முடிந்துதானே ஆக வேண்டும் என்றாள். அதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை.

முடிந்தது. சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, ஒரு மீனவக் குப்பத்தின் வழியாக, ரோடு மணலாகி, மணல் ஈரமாகி, எதிரே தண்ணீர் கிடந்தது. சடையப்பன் பிரேக்கை மிதித்தான், பின்னால் தெரு முழுக்கக் குலுங்கி நின்றது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் உடனே போ என்று சொல்லவில்லை. இறங்கி, வலை உலர்த்திக்கொண்டிருந்த குப்பத்து ஜனத்திடம் நடந்து போனாள். இவர்களைக் கேட்காமல் இறங்கினால் நாமும் அரசாங்கம்தான் என்று போகும்போது ராசாமணியிடம் சொன்னாள்.

பேச்சு வெகுநேரம் நடந்தது. எத்தனை தலைக்கட்டு, என்ன தொழில், சண்டைக்காரர்களா என்றெல்லாம் குப்பத்துப் பஞ்சாயத்தார் விசாரித்தார்கள். சண்டைக்காரர்கள்தான், ஆனால் உங்களோடு இல்லை என்றாள் பாவாயி. தங்களையும் கரையிலிருந்து கிளப்பச் சொல்லி நோட்டீஸ் வந்திருப்பதை அவர்கள் சொன்னார்கள். அப்புறம் மீன் கூடைக்காரம்மா ஒருத்தி எழுந்து, முழங்கையால் கிழக்கைக் காட்டினாள்.

"கடல்ல எடம் யாருக்கும் பத்தாமப் போனதில்ல. ஆனா படகு வர்ற வழிய விட்டுட்டு, தெக்கால தள்ளி எறக்கிக்கங்க."

தெற்கே தள்ளி, படகு வருகிற வழியை விட்டுவிட்டு, சடையப்பன் ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினான். ஜீப் போனது, நீல வண்டி போனது, முருங்கை போனது, ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் அலையை ஒதுக்கிக்கொண்டு இறங்கி, தரை தட்டி, ஆடி, நிலைத்தன. நாலு மூலைக்கும் முட்டு வைப்பதைப் போல, குப்பத்துக்காரர்களும் சேர்ந்து பாறைகளை உருட்டி ஓரத்துக்கு அணை கொடுத்தார்கள். ராசாமணி தன் பாதிக் கோலத்தையும் மீதிப் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து நிறுத்தச் சொன்னாள். கரை முடிந்து, ஆளிறங்கினால் முழங்கால் நனைகிற ஒரு தண்ணீர், அதற்கப்பால் வாய்க்கால்மேட்டுத் தெரு. அதன் அடியில் எவருடைய மண்ணும் இல்லை.

கரைக்கு அதிகாரிகள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வரைபடத்தை விரித்து, சுற்றித் திருப்பி, மறுபடி விரித்தார்கள். காகிதம் கரையோடு முடிந்திருந்தது. கடைசியில் அவர்களில் பெரியவர் ஒருவர், ஷூவையும் காலுறையையும் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கோப்பைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி வந்தார். தெருவின் விளிம்பில் வந்ததும் கால் வைக்காமல் நின்றார். எங்கே கால் வைத்தாலும் கேட்காமலே வைத்துப் பழகியவர், என்ன சட்டத்தில் வைப்பதென்று தெரியாமல் நின்றார். அலை வந்து அவர் சுருட்டிய இடத்தை நனைத்தது.

"அம்மா, உள்ள வரலாமுங்களா?"

தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. ராசாமணி இட்லிக் கரண்டியோடு நின்றாள். பாவாயி நீல வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துண்டு, கையில் டீ. அவள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், ஒரு மடக்கு டீ குடித்தாள், மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவசரப்படாமல் அதை மறுபடி மடித்தாள்.

"இன்னைக்கு நேரமாயிடுச்சுங்க," என்றாள். "நாளைக்கு வாங்க."